கிரைண்டருக்கு அடியில் ஓர் ஆர்கன்

போன வாரம் எங்கள் வீட்டில் இட்லி கிடையாது. தோசையும் கிடையாது.

மாவு அரைக்க வேண்டிய கிரைண்டர், சாப்பாட்டு மேஜை மேல் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே டீப்பாய்க் கண்ணாடி. அதற்குக் கீழே ஒரு ரெக்கார்டு. அதற்கும் கீழே, எங்கள் கல்யாண போட்டோவிலிருந்து கழற்றிய கண்ணாடி.

"ஊறப் போட்ட உளுந்து நாறிப் போச்சு. இந்தக் கல்ல எப்பதான் எறக்குவீய?" என்றாள் என் மனைவி வசந்தி.

"நாளைக்கு."

"நேத்தும் இதைத்தான் சொன்னீய."

என்ன சொல்வது? அந்த ரெக்கார்டு என்னுடையது என்றால் இத்தனை நடுக்கம் இருந்திருக்காது. அது நசீர் பாயுடையது. ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் அது நேராக வேண்டும்...

முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருகிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். ஹேமண்ட் ஆர்கன் வாசித்த பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ் ரெக்கார்டுகளைச் சேர்க்கிறேன். பெரிய குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சர்ச்சுகள் வாங்கிப் போட்ட மின்சாரப் பெட்டி அது. அமெரிக்காவில் ஞாயிறு காலையில் சர்ச்சில் அதை வாசித்த கறுப்பினக் கலைஞர்கள், சனிக்கிழமை பாரிலும் அதையே வாசித்தார்கள். பக்தியும் சேட்டையும் ஒரே பெட்டியிலிருந்து வரும். கேட்டால் கால் தானாக ஆடும்.

ஒரு பாளையங்கோட்டைக்காரனுக்குப் புனேயில் உட்கார்ந்துகொண்டு இது தேவையா என்று வசந்தி கேட்பதுண்டு. தேவையில்லைதான். தேவையானதை மட்டும் யாராவது சேர்க்கிறார்களா?

வீடு லோஹேகாவில் என்பதால் கூடுதல் கஷ்டம். விமானப்படை விமானம் கிளம்பினால் ஜன்னல் அதிரும். ஊசி ஒரு வரி தாண்டிக் குதிக்கும். வானத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டுப் போடுகிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நசீர் பாய்க்குக் கேம்ப் கடைத்தெருவில் டிராவல் பேக் கடை. பூர்வீகம் கீழக்கரை. இந்த ஊரில் என்னைப் போலவே ஆர்கன் பைத்தியம் பிடித்த இன்னொரு தமிழர் அவர் ஒருவர்தான். அவரிடம் ஒரு எல்.பி. இருக்கிறது. சின்னக் கம்பெனி போட்டது, எங்கேயும் கிடைக்காதது. பல வருஷம் கெஞ்சிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை என் கையில் கொடுத்தார்.

"அரே சார், ஜல்தி ஒண்ணுமில்ல, மெதுவாக் கேளுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம மட்டும் எனக்கு வேணும். சனா வர்றா. அவளுக்கு இந்த ரெக்கார்டுன்னா உசுரு."

சனா அவருடைய ஒரே மகள். ஜெர்மனியில் படிக்கிறாள்.

வாங்கினேனா, நேராக வீட்டுக்கு வந்திருக்க வேண்டாமா? அன்று ரஞ்சன்காவில் என் மச்சினன் பிள்ளைக்குப் பிறந்தநாள். வசந்தி காரில் உட்கார்ந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தாள். ரெக்கார்டைப் பின் சீட்டில் வைத்தேன். ரஞ்சன்காவ் போனோம். பிரியாணி சாப்பிட்டோம். கேக் வெட்டினார்கள். பாயசம் இரண்டாவது டம்ளர் குடிக்கும்போதுதான் நினைவு வந்தது.

கார் வெயிலில் நிற்கிறது!

மே மாதம். கண்ணாடி ஏற்றிய கார். பின் சீட்டில் வினைல் ரெக்கார்டு. செருப்புப் போடாமலே ஓடினேன். கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. உறையைத் தொட்டால் சுட்டது.

வீட்டுக்கு வந்து, கைகால் கழுவாமல், பிளேயரில் வைத்தேன். ரெக்கார்டின் ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. ஊசி ஏறி இறங்கியது. ஆர்கனும் கூடவே ஏறி இறங்கியது. நல்ல பாட்டு... ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் சுரம் கொஞ்சம் சரிந்து, பிறகு தன்னைச் சமாளித்துக்கொண்டு எழுந்தது.

"என்ன, குடிச்சிட்டு வாசிக்கானா?" என்றாள் வசந்தி.

நிறுத்திவிட்டு, லேபிளையே பார்த்துக்கொண்டு மறுபடி போட்டேன்.

ஹேமண்ட் ஆர்கனுக்கே ஒரு நடுக்கம் உண்டு. அதன் ஒலிபெருக்கிக்குள் ஒரு பாகம் சுழலும். ஆனால் அது வேறு. அது வேகமாக, அழகாகச் சிலிர்க்கும். இது சோம்பேறித்தனமாக, லேபிள் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு தரம் ஆடியது. சந்தேகமே இல்லை. வெயிலில் ரெக்கார்டு வளைந்துவிட்டது. வளைத்தவன் நான்.

ஒரு போன் போட்டிருக்கலாம். "பாய், இது முன்னாடியே இப்படித்தானா?" என்று ஒரு வரி. ஆனால் கேட்டால் காரில் விட்டதைச் சொல்ல வேண்டும். ரெக்கார்டு சேர்க்கிறவர்கள் உலகத்தில், ரெக்கார்டைக் காரில் வெயிலில் விட்டவன் என்றால், பிள்ளையைத் திருவிழாவில் விட்டவன் மாதிரி. யாரும் வாய்விட்டுத் திட்ட மாட்டார்கள். இனிமேல் எதையும் கையில் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வழி கேட்கலாமா? கேட்கலாம். அதற்கு அட்மின் யார்? நசீர் பாய்.

ஆக, யூட்யூப்தான் கதி. ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ரெக்கார்டை வை. மிதமாகச் சூடு காட்டு. பாரம் ஏற்று. பொறுமையாக இரு. முதல் மூன்றும் முடிந்தது. பால்கனி வெயிலில் கொஞ்ச நேரம், பிறகு உள்ளே கொண்டுவந்து கிரைண்டருக்கு அடியில். பொறுமைதான் வரவில்லை. ஆபீசில் உட்கார்ந்தால் கண்ணாடி விரிசல் விடுகிற சத்தம் காதில் கேட்டது. போன் அடித்தால் நசீர் பாயோ என்று முதலில் பேரைப் பார்த்தேன். ஒரு நாள் அவரே கூப்பிட்டார். எடுக்கவில்லை. பிறகு 'மீட்டிங்' என்று மெசேஜ் அனுப்பினேன். பொய்.

"ஒரு பிளாஸ்டிக் தட்டுக்காக மனுஷன் இப்படியா தேய்வான்? அவர்ட்ட சொல்லித் தொலைங்களேன்" என்றாள் வசந்தி.

நல்ல யோசனைகள் சமையலறையிலிருந்து வந்தால் நாம் என்றைக்குக் கேட்டிருக்கிறோம்?

சனிக்கிழமை கிரைண்டரை இறக்கினேன். ரெக்கார்டு மேஜை மேல் தட்டையாகப் படுத்தது. பிளேயரில் வைத்தேன். ஊசி அசையாமல் நேராகப் போனது. ஆர்கன் நூல் பிடித்த மாதிரி வந்தது. ஆட்டம் இல்லை, சரிவு இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வசந்தி உடனே உளுந்து ஊறப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு மேல் மாடியில் நசீர் பாய் வீடு. சனா காலையில்தான் வந்து இறங்கியிருந்தாள். இன்னும் பெட்டிகூடப் பிரிக்கவில்லை. என் கையிலிருந்த உறையைப் பார்த்ததும் "ஆகயா! வந்துடுச்சு!" என்று எழுந்து வந்தாள். பிளேயர் பக்கத்தில் தரையில், சின்னப் பிள்ளை மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

நசீர் பாய் ஊசியை வைத்தார். நான் சோபாவில் சாய்ந்துகொண்டேன். அந்த வாரத்தில் முதல் முறையாக நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பாட்டு வந்தது. நேராக, சுத்தமாக.

சனாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த தலை அப்படியே நின்றது. நெற்றி சுருங்கியது.

"வாப்பா... யே வோ வாலா நஹி ஹை. இது அது இல்ல."

"அதேதாம்மா."

"இல்ல வாப்பா. அது... எப்டி சொல்றது..." தமிழ் வராமல் கையைக் காற்றில் படகு மாதிரி ஏற்றி இறக்கினாள். "அது இப்டி, இப்டி வரும். இது சும்மா போகுது."

நசீர் பாய் ரெக்கார்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அந்த நொடியில் அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் உலகத்தில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது - இரவல் வாங்கியதை வைத்துக்கொண்டு வேறு காப்பியைத் திருப்பிக் கொடுப்பது.

இதற்கு மேல் எப்படிச் சும்மா இருப்பது? சொன்னேன். கார், ரஞ்சன்காவ், வெயில், இரண்டு கண்ணாடி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"கிரைண்டரா?" என்றார் நசீர் பாய்.

"கிரைண்டர்தான்."

அவர் லேபிளைத் தடவினார். அதில் ஒரு பழைய டீக்கறை. அதைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது. அவருடைய ரெக்கார்டுதான்.

"அது உங்க காரு பண்ணுனது இல்ல சார். ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில தார்ப்பாய் மேல வெயில்ல கெடந்துச்சு. வாங்கும்போதே கோணல். இவ அப்ப கைக்குழந்த. எந்தப் பாட்டுக்கும் அழுக நிக்காது. இதப் போட்டா நிக்கும். அந்த ஆட்டத்துக்கு ஏத்த மாதிரி தலைய ஆட்டுவா. அத அவ மறுபடி கேக்கத்தான் இன்னிக்கு வேணும்னு சொன்னேன்."

கீழே எம்.ஜி. ரோட்டில் ஆட்டோக்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள்.

"ஏன் சார், ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கக் கூடாதா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. வெயில்கூடச் செய்யாத காரியத்தை என் பயம் செய்துவிட்டது. இருபது வருஷக் கோணல், ஒரு வாரக் கிரைண்டரில் போய்விட்டது. அதை இனி யாரிடம் கொண்டுபோய் ரிப்பேர் செய்வது? பழுதைச் சரிசெய்ய ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். பழுதைத் திருப்பிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

எழுந்து போய்விடலாம் என்று செருப்பைத் தேடினேன்.

அப்போது சனா, அப்பா கையிலிருந்து ரெக்கார்டை வாங்கி மறுபடி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஆர்கன் நேராகப் போனது. அவள் கூடவே முனக ஆரம்பித்தாள் - ஆனால் நேராக அல்ல. சுரம் சரிந்தது, சமாளித்து எழுந்தது, மறுபடி சரிந்தது. தலையும் கூடவே ஆடியது. பாட்டு ஒரு பக்கம் போக, அவள் அந்தப் பழைய கோணலிலேயே போய்க்கொண்டிருந்தாள். ஒரு சுற்றுக்கூடப் பிசகவில்லை.

நசீர் பாய் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சாய் ஆறிப் போகுது, குடிங்க சார்" என்றார்.

கிளம்பும்போது அலமாரியிலிருந்து இன்னொரு ரெக்கார்டை எடுத்து என் கையில் வைத்தார். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. இனிமேல் எதையும் கொடுக்க மாட்டார் என்று நினைத்த மனிதர்!

மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். கார் எடுத்துப் போகிற தைரியம் எனக்கு அன்று இல்லை. வீட்டில் ஜன்னல் திரையை எல்லாம் இழுத்துவிட்டுப் போட்டேன்.

முதல் பாட்டின் நடுவில், 'டக்... டக்... டக்...'

இது முன்பே இருந்ததா? ஆட்டோ குலுங்கியதில் நான் செய்ததா? கை தானாகத் துடைக்கிற துணியைத் தேடியது. சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. துணியைக் கீழே போட்டுவிட்டு, போனை எடுத்தேன்.

"பாய், முதல் பாட்டுல கதவு தட்டுற மாதிரி ஒரு சத்தம்..."

"அது எங்க வீட்டோடதுதான் சார். தொடாதீங்க!"