தரை தொடாத கால்கள்

அன்று மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். தூக்க ஆளில்லை. அண்ணனைக் கட்டிலிலிருந்து எழுப்பிச் சுவரோரம் நிறுத்திவிட்டு, அவன் கைலியைச் சரிசெய்யக் குனிந்தேன். நிமிர்வதற்குள் அவன் முகம் வெளுத்து என் மேலேயே சரிந்தான். படுக்க வைத்ததும் கண்ணைத் திறந்து, "லைட்ட எவம்ல அணைச்சான்?" என்றான். நடுப்பகல் அது.

வீட்டில் ஒருவரைக் கட்டிலில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரிதான் எழுத முடியும்.

நாங்கள் வள்ளியூர்ப் பக்கம். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் சென்ட்ரிங் வேலை (கான்கிரீட் ஊற்றப் பலகை அடைத்து முட்டுக் கொடுப்பது). அண்ணன் செல்வம் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். வாக்கரைப் பிடித்து நின்று பழகச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நாங்கள்தான் நிற்க விடவில்லை. ஒரே அறையில் ஆறு பேர். கழிவறை முற்றத்தைத் தாண்டி இருந்தது. எங்கள் தொழிலே தூக்குவதுதான். பாரம் எடுக்கும்போது கூட்டாளியைத் தனியே விடுவது எங்களுக்குள் பெரிய அவமானம். மேஸ்திரி இசக்கியண்ணன் "பிடிலே" என்றால் நான்கு பேர் கை சேர்ந்துவிடும். அண்ணனையும் அப்படியே, பலகையைத் தூக்குவதுபோல, குளிக்கவும் கழிவறைக்கும் தூக்கிப் போனோம். வாக்கரில் துணி காய்ந்தது. அவன் அதைக் கேட்கும்போதெல்லாம், "நாங்க என்ன செத்தா போயிட்டோம்? பேசாம கெடல" என்பார் இசக்கியண்ணன்.

மயங்கி விழுந்த அன்று மறுபடி ஆஸ்பத்திரி; இசக்கியண்ணனும் வேலையை விட்டு ஓடி வந்தார். டாக்டர் மலையாளி, தமிழ் கொஞ்சம் பேசுவார். அண்ணன் படுத்திருந்தபோது சரியாக இருந்த பிரஷர், நிற்க வைத்ததும் விழுந்துவிட்டது.

"எத்ர நாளா படுக்கை?"

"ஆபரேஷன் பண்ணதுல இருந்து, மேடம். ஒரு தடவகூட கால கீழ வைக்க விடல" என்றார் இசக்கியண்ணன், பெருமையாக.

டாக்டர் பேனாவை மூடினார். "அப்போ ஆளை ஸ்பேஸுக்கு அனுப்பியாச்சு, அல்லே?"

விண்வெளிக்குப் போகிறவர்களுக்கும் இதுதான் நடக்கிறதாம். நாம் நிற்கும்போது பூமி இரத்தத்தைக் காலுக்கு இழுக்கிறது. கால் இரத்தக்குழாய்கள் இறுக, இதயம் அதை மேலே தள்ளுகிறது. அங்கே அந்த இழுப்பு தெரியாது. இரத்தம் நெஞ்சுக்கும் தலைக்கும் ஏறி முகம் உப்பும். தண்ணீர் கூடிவிட்டதென்று உடம்பு ஏமாந்து வெளியேற்றிவிடும். இரத்தம் குறையும். வேலை குறைந்த இதயம் இளைக்கும். திரும்பி வந்து நின்றால் இரத்தமெல்லாம் காலுக்கு இறங்கி மயக்கம் வரும். அதனால் அங்கே உடம்பைப் பட்டையால் ஓட்ட மெஷினோடு கட்டிக்கொண்டு தினமும் ஓடுகிறார்களாம். இதைத் தரையிலேயே சோதித்துப் பார்க்க, நல்ல திடமான ஆட்களைத் தலைப்பக்கம் தாழ்த்தி வாரக்கணக்கில் படுக்க வைப்பதும் உண்டாம்.

"தும்பாவுல ராக்கெட்டு விடுறவங்ககிட்ட சொல்லுங்க மேடம்" என்றான் அண்ணன். "எங்க ரூம்ல வந்து தங்கச் சொல்லுங்க. ராக்கெட்டே வேண்டாம்."

டாக்டரும் சிரித்துவிட்டார்.

பிறகு டாக்டர் சொன்னபடி காலைத் தொங்கப்போட்டு உட்கார வைத்தோம். பிடித்துக்கொண்டு நிற்க வைத்தோம். கதவு வரை நடந்தான். முற்றம் வரை போனான். இசக்கியண்ணன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே பின்னால் போவார். "அண்ணாச்சி, நீரு மூச்சுவிட்டே என்னத் தள்ளிருவீரு போல" என்பான் அண்ணன்.

ஒருநாள் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது. நடந்த வலி என்று நினைத்தோம். மறுநாள் பல் தேய்க்கும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவில், என் தோளில் சாய்ந்தபடி போய்விட்டான்.

காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார் அதே டாக்டர். தொடை முறிந்தவர்களுக்கு எப்படியும் இது வரலாமாம். அசையாமல் படுத்திருந்தால் இன்னும் எளிதாக வருமாம்.

"நாங்க தூக்குனதாலயா மேடம்?"

"அங்ஙனெ பறயான் பற்றில்ல, மோனே" (அப்படிச் சொல்ல முடியாது) என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் படுத்திருப்பவரை எப்போது நிற்க வைக்கலாம் என்று டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். உடனே கூட்டிப் போங்கள்.

முன்பெல்லாம் எனக்கு இதயம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது காலையில் பாயில் எழுந்து உட்கார்ந்து கொஞ்சம் பொறுக்கிறேன். இரத்தம் இறங்குவதும், உள்ளே ஒன்று அதைப் பிடித்து மேலே தள்ளுவதும் தெரிகிற மாதிரி இருக்கிறது.

போன மாதம் அறையில் முத்துவுக்கு டைபாய்டு. காய்ச்சல் விட்டதும் மெல்ல நடக்கலாம் என்றார்கள். அவன் பாயில் கிடந்தபடி இரண்டு கையையும் நீட்டி, "தூக்குங்கலே" என்றான். இசக்கியண்ணன் எழுந்தார். திரும்ப உட்கார்ந்துவிட்டார். நான் போய்த் தோளை மட்டும் கொடுத்தேன்.

"பாவி, ஒனக்கு ஈவு இரக்கமே கெடையாதாலே?" என்றான் முத்து.

பாதிப் பாரம் என் மேல் விழுந்தது. மீதியை அவன் கால்கள் தாங்கின. நடுங்கிக்கொண்டே தாங்கின. முற்றத்தில் நிறுத்தி, முகம் வெளுக்கிறதா என்று பார்த்தேன்.

"முட்டிக்கிட்டு வருதுலே. சீக்கிரம்" என்றான்.

அவன் அடுத்த அடியைத் தானே எடுத்து வைக்கும்வரை நின்றேன்.