சீர்த்தட்டில் வந்த செருப்பு

என் பேரனுடைய மாமியார் எலி பிடித்து விற்கிறவள் என்று ஆமத்தூர் முழுக்கச் சொல்லி வைத்தது நான்தான். அது முழுப் பொய்யும் இல்லை. கனடாவில் ஆறு கல்லாக உறைந்து கிடக்கிற பக்கத்தில் பீவர் என்று ஒரு பிராணி இருக்கிறது. ஆட்டுக்குட்டி கனம், எலி மூஞ்சி, துடுப்பு போல ஒரு வால். அதைப் பொறி வைத்துப் பிடித்து, தோலை உரித்துக் காயவைத்து விற்பது அந்த அம்மாவின் குடும்பத் தொழில். பேரன் போனில் படம் காட்டி அரைமணி நேரம் விளக்கினான். எனக்குப் புரிந்ததை நான் தெருவில் ஒரே வரியில் சொன்னேன். அதற்கப்புறம் அவனைப் பெற்ற என் மருமகள் என் தட்டில் குழம்பு ஊற்றும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பேரன் அங்கே போய்ப் படித்தான், அங்கேயே வேலையில் சேர்ந்தான், அங்கேயே ஒரு நர்ஸைக் கல்யாணமும் செய்துகொண்டான். அந்தப் பெண்ணின் சனத்துக்கு மேட்டி என்று பெயர். வெள்ளைக்காரரும் இல்லை, அந்த மண்ணின் பழங்குடியும் இல்லை, இரண்டும் கலந்து தனியாக உண்டான சனம். கல்யாணத்துக்கு என் மருமகள் போகவில்லை. மூக்கில் சின்ன வடுவோடு வளர்ந்த ஒற்றைப் பிள்ளை அவன். அவனுக்கு முன்னால் பிறந்ததை மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். அவன் தாலி கட்டியதைப் போனில் பார்க்க நேர்ந்த கோபம் அவளுக்கு ஆறவே இல்லை.

போன தை மாதம், அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, வளைகாப்புக்காக மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். பேரன், அவன் பெண்டாட்டி, அவளைப் பெற்ற அம்மா. அன்றைக்கே பேரன் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனான்.

"அப்பத்தா, எங்கத்தை மனசு நோகாம ஊருக்குத் திரும்பணும். அம்மா ஏதாச்சும் மொகத்தைச் சுளிச்சிட்டாகன்னா, இவ புள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த வாசப்படிய மிதிக்கவே மாட்டா. எங்கிட்ட சொல்லிட்டா."

"ஒங்கம்மா மொகம் எப்பவுமே அப்படித்தானலே இருக்கு? சுளிச்சிருக்கா இல்லையான்னு எப்படிலே கண்டுபிடிக்க?"

அவன் சிரிக்கவில்லை. நான் என்ன சொன்னாலும் சிரிக்கிற பயல் சிரிக்காமல் நின்றதும்தான் விஷயம் எனக்கு உறைத்தது. அப்படியானால் பிறக்கப்போகிற பிள்ளையை நான் போனுக்குள்ளேதான் பார்க்கவேண்டும். மோந்து பார்க்க முடியாத பிள்ளை என்ன பிள்ளை?

வெள்ளைக்காரி வருவாள் என்று காத்திருந்த தெருவுக்குச் சம்பந்தியம்மா பெரிய ஏமாற்றம். கோதுமை நிறம், மேடான கன்னம், நரை ஓடிய கறுத்த பின்னல். எதிர்வீட்டுக்காரி என் காதில் வந்து, "என்னத்தே, நம்ம ஊரு டீச்சரம்மா மாதிரில இருக்காக?" என்றாள்.

சம்பந்தியம்மா விடியற்காலையிலேயே எழுந்துவிடுவாள். நானும் அப்படித்தான். கொல்லைப்பக்கத்துச் சிமிட்டித் தரையில் இரண்டு பேரும் உட்காருவோம். பேரன் கொட்டாவி விட்டுக்கொண்டே நடுவில் உட்கார்ந்து அவள் பேச்சை எனக்கும் என் பேச்சை அவளுக்கும் மாற்றிக்கொடுப்பான். முதல் நாள் அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் வாழ்நாளெல்லாம் குழாய் சுற்றிய கை இது. பழைய பேப்பரும் கம்பியும் பசையும் எடுத்துவந்து ஒரு குழாய் சுற்றிக் காட்டினேன். உடனே அவள் தன் கையை நீட்டினாள். அப்பா, அது கையா! ஒவ்வொரு விரல் நுனியும் ஊசி குத்திக் குத்திக் காய்த்திருந்தது. உள்ளங்கை உலக்கை பிடித்த கை மாதிரி. போனில் ஒரு படம் காட்டினாள். கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளை. நடுவில் இவள், உறைந்த ஆற்றில் கடப்பாரையால் ஓட்டை போட்டு, தோள்பட்டை வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பொறியைத் தூக்குகிறாள். மார்கழியில் முகம் கழுவவே வெந்நீர் கேட்கிறவள் நான். அந்தப் படத்தைப் பார்த்ததும் என் கை தானாக முந்தானைக்குள் போய்விட்டது.

அவள் முன்னோர் கதையை அங்கே வைத்துத்தான் கேட்டேன். முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தொப்பி செய்ய பீவர் ரோமம் வேண்டியிருந்ததாம். அதை வாங்கிவர ஆற்று வழியாகப் படகில் போன வியாபாரிகள், அந்த மண்ணின் பெண்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கினார்களாம். அவர்கள் வம்சம்தான் இவர்கள்.

"ஏலே, ஒரு தொப்பிக்காக ஒரு சனமே உண்டாயிருச்சா?" என்றேன்.

பேரன் அதைச் சொன்னதும் அவள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஏதோ சொன்னாள்.

"தொப்பியெல்லாம் எப்பவோ மக்கிப்போச்சாம் அப்பத்தா. இவுகதான் மிச்சமாம்."

துரைமார் பெயரும் ரோமம் வாங்கிய கம்பெனி பெயரும்தான் வெளியே தெரியுமாம். உள்ளே வேலை பார்த்ததெல்லாம் பெண்கள். தோல் பதப்படுத்துவது, செருப்புத் தைப்பது, படகுக்கு மரப்பட்டை ஒட்டுவது, காட்டெருமை இறைச்சியைக் காயவைத்து இடித்துக் கொழுப்பு ஊற்றித் தோல்பையில் அடைப்பது. அந்தப் பை வருஷக்கணக்கில் கெடாதாம். நான் எழுந்து போய் நம் வீட்டு உப்புக்கண்டத்தை எண்ணெயில் பொரித்துக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு துண்டு கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பேரனுக்கென்று எடுத்து வைத்திருந்ததும் போய்விட்டது.

அவர்கள் லோடு ஏற்றிய வண்டியில் ஓர் ஆணிகூடக் கிடையாதாம். இரும்பே இல்லாமல், மரமும் தோல்வாரும் மட்டும். வழியில் சக்கரம் உடைந்தால் பக்கத்து மரத்தை வெட்டி அங்கேயே செய்துகொள்வார்களாம். ஆறு குறுக்கிட்டால் சக்கரத்தைக் கழற்றி வண்டியையே படகாக்கிக் கடப்பார்களாம். புழுதி ஒட்டும் என்று அச்சுக்கு மசகு போடுவதில்லை. அதனால் வண்டி கண்ணுக்குத் தெரிகிறதற்கு வெகு முன்னாலேயே அதன் அலறல் வந்து சேர்ந்துவிடுமாம். இரும்பு இல்லாத இடத்தில் வேலை பார்ப்பது என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் பட்டாசுக் கம்பெனி மருந்து ரூமில் பொறி பறக்கும் என்று இரும்புச் சாமான் எதையும் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் அந்த ரூம் ஒரு பாய் விரிக்கிற அகலம். இவர்களோ மாதக்கணக்கில் முடிவில்லாத புல்வெளியில் அப்படிப் போயிருக்கிறார்கள்.

அதைவிட, காட்டெருமை வேட்டையைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு நின்றது. குதிரை பாய்ந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கியில் கரிமருந்தைக் கொட்டி, வாயில் அடக்கி வைத்திருந்த ஈயக் குண்டைக் குழாய்க்குள் துப்பிச் சுடுவார்களாம்.

"ஆத்தீ! ஓடுற குருதை மேலயா மருந்து கொட்டுவாக? எங்க போர்மேன் பாத்திருந்தா அங்கனயே செத்திருப்பான்" என்றேன். வெண்கலக் கரண்டி கீழே விழுந்தாலே எல்லாரும் வெளியே ஓடுகிற இடத்திலிருந்து வந்தவள் நான்.

இத்தனைக்கும் என் மருமகள் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. என் மகனோ, வீட்டில் புகைச்சல் என்றால் அச்சாபீஸில் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொள்கிற ரகம். தெருதான் முதலில் இளகியது. பொறி வைக்கிற சீசனே பனிக்காலம்தான், அதை விட்டுவிட்டுத்தான் சம்பந்தியம்மா வந்திருக்கிறாள் என்று பேரன் சொன்னான்.

"சீசன்ல வேலையப் போட்டுட்டா வந்திருக்காக?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. சீசனில் வேலையை விடுவது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணத்தைக்கூட தீபாவளி கழித்துத்தான் வைப்போம். அன்று சாயங்காலமே அவள் ஒரு சொம்புப் பதநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

வளைகாப்புக்கு முந்தின நாள் மருமகள் பேரனைக் கூப்பிட்டாள். "தாய்வீட்டுத் தட்டுன்னு ஒண்ணு இல்லாம எப்படிலே வளையல் போடுறது? அவுக ஊரு வழக்கத்துல என்ன உண்டோ, அதை ஒரு தட்டுல கொண்டாரச் சொல்லு."

அவனுக்கு ஒரே சந்தோஷம். அப்படியே போய்ச் சொன்னான். என்ன வைக்கப்போகிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை அந்தப் படித்த பயலுக்கு.

மறுநாள் வீடு கொள்ளாத சனம். பூ, பழம், மஞ்சள், கண்ணாடி வளையல் என்று தட்டுகள் வரிசையாக இருந்தன. அந்தப் பெண் பட்டுச்சேலையில் மனையில் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மா ஒரு தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். சிவப்பு நூலில் விரலாலேயே பின்னிய இடுப்புக் கச்சை ஒன்று அதை மூடியிருந்தது. தட்டை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துக் கச்சையை விலக்கினாள்.

கட்டைவிரல் நீளத்தில் ஒரு ஜோடி. புகை போட்ட மான்தோல், விளிம்பெல்லாம் பீவர் ரோமம், மேலே கடுகளவு பாசிமணி கோத்துக் கோத்து, பூவும் இலையும் மொட்டும் கொடியும். காற்று அடித்தால் ஆடும் போல இருந்தது அந்தக் கொடி. அது என்ன பொருள் என்றே எனக்குக் கொஞ்ச நேரம் தோன்றவில்லை. மனுஷக் கையால் இப்படியும் முடியுமா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"ஆத்தாடி, செருப்புல்ல!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வாசலில் பாட்டுப்பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. மஞ்சளுக்கும் பூவுக்கும் முன்னால், சீர்த்தட்டில், செருப்பு. பேரன் என்னைப் பார்த்தான்.

"செருப்பு வந்திருச்சில்ல, இனிமே புள்ள நடந்தே வந்துரும், டிக்கெட்டுச் செலவு மிச்சம்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு செருப்பை இரண்டு விரலால் தூக்கினாள். அடிப்பக்கத்தைத் திருப்பினாள். நடுவில் ஒரு ஓட்டை.

"ஓட்டை வேறயா? பழசையா கொண்டாந்து வச்சிருக்காக எம் பேரப்புள்ளைக்கு?"

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அவ்வளவு வராது. மாமியார் முகம் புரியாதா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு மனையிலிருந்து எழுந்துவிட்டாள். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

சம்பந்தியம்மா மகளைத் தோளில் தொட்டு உட்காரவைத்தாள். மருமகள் கையிலிருந்து செருப்பை மெதுவாக வாங்கினாள். ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு, மருமகள் கண்ணைப் பார்த்தே பேசினாள். பேரன் அதைத் தமிழில் மாற்றிச் சொன்னான்.

"அந்த ஓட்டையை அத்தையேதான் போட்டாகளாம்மா. புள்ளையோட மொதச் செருப்பை அம்மாவைப் பெத்தவுக தைக்கணுமாம், தச்சு அடியில ஓட்டை போடணுமாம். செத்துப்போனவுக ஆவி வந்து, 'வா, எங்க கூடப் போயிரலாம்'னு புள்ளையக் கூப்புடுமாம். அப்ப புள்ள, 'எஞ் செருப்பு ஓட்டையாக் கெடக்கு, அம்புட்டுத் தூரம் எப்படி நடக்க?'ன்னு சொல்லிருமாம். ஆவி விட்டுட்டுப் போயிருமாம்."

மருமகள் பார்வை செருப்பில் இல்லை. பேரன் மூக்கிலிருந்த வடுவுக்குப் போயிருந்தது.

முதல் பிள்ளை போனபிறகு இவன் பிறந்தபோது, பச்சைப்பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி எடுத்தவள் அவள். பக்கத்துத் தெருக்காரியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஒரு பிடி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினாள். தவிட்டுச் சுளகைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான். இது ஒன்றுக்கும் உதவாத பிள்ளை என்று எமன் நினைக்கட்டும் என்று மூக்கும் குத்தினாள். அழகுப் பிள்ளை என்று வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை.

"அவுகளுக்கும் மொதல்ல ஒண்ணு போச்சான்னு கேளுலே" என்றாள் மெதுவாக.

பேரன் கேட்டான். சம்பந்தியம்மா இரண்டு கையையும் எதிரெதிரே வைத்து ஒரு அளவு காட்டினாள். பிறந்த பிள்ளையின் அளவு.

மருமகள் விறுவிறு என்று உள்ளே போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். திரும்பி வந்தபோது கையில் மை டப்பா. தரையில் உட்கார்ந்து, செருப்பைத் திருப்பி, ஓட்டைக்குப் பக்கத்தில் விரலால் ஒரு பொட்டு வைத்தாள். அடுத்ததற்கும் வைத்தாள்.

"இம்புட்டு அழகாத் தச்சுப்புட்டு ஒத்த ஓட்டையோட விட்டா எப்படி? எங்கூருக் கண்ணு பொல்லாத கண்ணுன்னு சொல்லுலே ஒங்கத்தைகிட்ட." தட்டை எடுத்து, பூத்தட்டுக்கும் பழத்தட்டுக்கும் நடுவில் வைத்தாள். முதல் வளையலைச் சம்பந்தியம்மா கையில் கொடுத்து, "நீங்க போடுங்க மதினி" என்றாள்.

பிள்ளை அங்கே பிறந்தது. பெண். போனில் முகத்தைக் காட்டினால் மருமகளுக்குப் போதாது. "செருப்பைத் திருப்பிக் காட்டுலே, மை இருக்கா அழிஞ்சிருச்சா?" என்பாள். போன வாரம் அந்தப் பெண்ணே போனை வாங்கி, "மை போச்சு அத்தே. நாங்க வரோம். நீங்க வைங்க" என்றாள். இந்தத் தையில் வருகிறார்கள். எலிக்காரியும் சீசனை விட்டுவிட்டு மறுபடி வருகிறாள்.

மாடியில் அவளுக்காக உப்புக்கண்டம் காய்கிறது. மருமகள்தான் மஞ்சள் தடவிக் கோத்துத் தொங்கவிட்டாள். காக்கா விரட்டுவது என் வேலை. நடுவில் நான் ஒரு துண்டு பிய்த்தால் கீழேயிருந்தே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

"அத்தே, அது எங்க மதினிக்கு!"

"காக்காதான் தாயி" என்கிறேன்.