நீள்வட்டக் கண்ணாடிக்கு வந்த கூட்டம்

கண்ணாடிக் கடைக்குச் சின்ன மருமகளாக வந்த கொஞ்ச நாளிலேயே அவள் ஒன்றைப் பிடித்துவிட்டாள். சுவர்க் கண்ணாடி பார்க்க வருகிறவர் முன்னால் நின்று தலைமுடியைக் கோதினால் வாங்கமாட்டார். ஓரமாக விலகி நின்று சட்டத்தைத் தடவினால் வாங்குவார். இது தப்பியதே இல்லை. இதற்காக யாரும் அவளைப் பாராட்டியதும் இல்லை. கணவன் மட்டும் ‘ஜோசியக்காரி’ என்று பெயர் வைத்தான்.

கடைக்கு இணையதளம் வந்தபோது அதைக் கவனிக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று காட்டும் கருவி அதில் இருந்தது. காலையில் தூசி துடைத்து முடித்ததும் கணினி முன் உட்கார்ந்துவிடுவாள். வருகிறவர்களுக்கு முகம் இல்லை என்பது ஒன்றுதான் அவளுக்குக் குறை. முடியைக் கோதினார்களா, சட்டத்தைத் தடவினார்களா என்று எண்களைப் பார்த்து என்ன தெரியும்?

மழை விட்டிருந்த ஒரு வாரம், இணையதளத்தில் நீள்வட்டக் கண்ணாடியின் பக்கத்துக்குக் கூட்டம் அலைமோதியது. மற்றவற்றை எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்கள் இங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கடை முதலாளி கணவனின் அண்ணன்தான்; அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“பாத்தியாம்மா! இனி நீள்வட்டந்தான். பட்டறையில ஒரு லாரி சொல்லிடறேன்.”

“கொஞ்சம் பொறுங்க அத்தான். வந்து நிக்கிறாங்களே தவிர ஒருத்தரும் வாங்கல.”

“எண்ணு பொய் சொல்லுமா? நீதானே தினம் படிச்சுக் காட்டறே?”

“பொய் சொல்லாது. என்ன சொல்லுதுன்னுதான் புரியல.”

“சாயங்காலம் வரைக்கும் பாரு. அப்புறம் நான் பேசி முடிச்சுடுவேன்.”

கடையின் கைமுதல் முழுக்க அந்த லாரியில் ஏறிவிடும். சரக்கு தேங்கினால் எல்லோரும் அவள் பக்கம்தான் திரும்புவார்கள்.

கருவியில் அவள் திறந்தே பார்க்காத ஒரு பகுதி இருந்தது. வந்தவர்கள் படத்தில் எங்கெங்கே விரல் வைத்தார்கள் என்பதை அது சிவப்புப் புள்ளிகளாகக் காட்டும். அன்று அதைத் திறந்தாள். சட்டத்தின் மேல் ஒரு புள்ளி இல்லை. விலையின் மேலும் இல்லை. கண்ணாடியின் நடுவில் மட்டும், அம்மை கண்ட பிள்ளையின் முதுகு மாதிரி, ஒரே சிவப்பு.

படத்தைப் பெரிதாக்கினாள்.

உள்ளே அவள் கணவன் இருந்தான். படம் எடுத்தவன் அவன்தான். பனியன், அரைக்கால் சட்டை, தலையில் ஈரத் துண்டு. கண்ணாடியில் தெரியாமல் இருக்க முழங்காலை மடக்கிக் குனிந்திருந்தான். குனிந்ததில் தொப்பை முன்னால் வந்திருந்தது. நாக்கின் நுனியும் வெளியே வந்திருந்தது.

கண்ணாடி விற்கிறவர்கள் சட்டத்தைப் பார்ப்பார்கள், கீறலைப் பார்ப்பார்கள். கண்ணாடிக்குள் பார்க்கிற பழக்கம் அந்த வீட்டில் எல்லோருக்கும் விட்டுப்போயிருந்தது.

“என்ன ஜோசியக்காரி, தனியா சிரிக்கறே?”

“ஊரே உங்களப் பாக்கத்தாங்க வருது.”

அவன் எட்டிப் பார்த்தான். “ஐயையோ! எடு, எடு! அண்ணன் பாத்தா மானமே போயிடும்.”

“சத்தமில்லாம எடுத்துட்டா லாரி வந்து நிக்கும். உங்க மானமா, கடையா? நீங்களே சொல்லுங்க.”

அவன் திரையில் தொப்பையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

“தொப்பைய மட்டும் மறைச்சுட்டுக் காட்ட முடியுமா?”

முடியவில்லை. அண்ணன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு நாற்காலி கிறீச்சிடச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் பட்டறைக்குப் போன் போட்டு, “லாரி வேணாம்பா. எங்க தம்பிதான் ஓடறான், கண்ணாடி ஓடல” என்றார். எதிர்முனைக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

தளத்திலிருந்து படத்தை எடுக்க அவர் விடவில்லை. “சும்மா வர்ற கூட்டத்த ஏம்மா வெரட்டணும்?”

இரண்டொரு நாள் கழித்து ஒரு அம்மாள் மகளோடு கடைக்கு வந்தார். “அந்தத் துண்டு கட்டினவர் நிக்கிறாரே, அந்தக் கண்ணாடி இருக்கா?”

கணவன் சட்டென்று அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

அம்மாளும் மகளும் கண்ணாடி முன் நின்று சிரித்தார்கள். மகள் முடியைக் கோதினாள். சின்ன மருமகளுக்கு நம்பிக்கை போய்விட்டது. அப்போது அம்மாள் ஓரமாக விலகி, சட்டத்தை ஒரு விரலால் மெல்லத் தடவினார்.

அவள் பொட்டலம் கட்டும் காகிதத்தை எடுக்கப் போனாள்.

“போயிட்டாங்களா?” என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து கிசுகிசுப்பாகக் குரல் வந்தது.

அம்மாள் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே மாட்டியிருந்த எல்லாக் கண்ணாடிகளிலும், முழங்காலை மடக்கிக் குனிந்தபடி, அவன் தெரிந்தான்.