துரையின் படகை நான் உடைத்த நாள்

கம்பளைக்கு அப்பால், மகாவலிக் கரையில், தோட்டத் துரைக்கு ஒரு படகுக் கொட்டகை இருந்தது. அதை ஒட்டினாற்போல் ஒரே ஓர் அறை. கல்யாணமான புதிதில் நானும் என் புருஷனும் அதில்தான் குடியிருந்தோம். அவர் துரையின் கார் டிரைவர். படகுக்கும் அவரே காவல். நான் கண்டியில் கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். நாலு பேரோடு பேசிப் பழகியவளுக்கு இங்கே பேச ஆற்றைத் தவிர வேறு ஆளில்லை.

சனிக்கிழமைகளில் துரை விருந்தாளிகளோடு வருவார். அப்போது நான் வெளியே தென்படக் கூடாது. அடுப்பு புகையக் கூடாது. கொடியில் துணி தொங்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். மோட்டர் படகு இரைந்துகொண்டு ஆற்றில் மேலும் கீழும் போகும். கையில் ஜெபமாலை இருக்கும், மனம் அதில் நிற்காது.

“டவுனுக்கே போயிருவோங்க” என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

“போயி? அங்க யாரு நமக்கு வேல வச்சிக்கிட்டு இருக்கா?” என்பார்.

படகின் பின்பலகையில் ஓர் இரும்புத் தகடு வைத்து அதில்தான் மோட்டரைப் பூட்டியிருந்தார்கள். தகட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவேறிப் போய், ஓடும்போது மோட்டர் ஆடத் தொடங்கியது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பித்தளைப் போல்ட்டுகள் போட வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். கண்டியிலிருந்து வர வேண்டிய மெக்கானிக்குக் காய்ச்சல். “நீயே பார்த்துச் செய், சனிக்கிழமை படகு வேண்டும்” என்று துரை இவரிடம் சொல்லிவிட்டார். இல்லை என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை.

அது மழைக்காலம். எங்கள் பக்கம் தூறல்தான், மேலே மலைப்பக்கம் மட்டும் கறுத்துக்கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கொட்டகைக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, படகின் பின்னால் நின்று வேலையை ஆரம்பித்தார். முதல் நாளே விளக்குக்கு வைத்திருந்த லாம்பெண்ணெயை ஊற்றி ஊற வைத்திருந்தும் நட்டுகள் அசையவில்லை. ஸ்பானர் வழுக்கி வழுக்கி அவற்றின் முனைகள் மழுங்கின. கடைசியில் உளியை வைத்து அடித்து ஒவ்வொன்றாக உடைத்தெடுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நான் அறையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் நின்றது. உடனே அவர் அலறினார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மிச்சமிருந்த ஒரே போல்ட்டில் தகடு திரும்பி, மோட்டர் சாய்ந்து, அதன் தலை கொட்டகையின் குறுக்குமரத்துக்கு அடியில் போய் மாட்டியிருந்தது. தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே அவருடைய இடது கை. நானும் தண்ணீரில் இறங்கி மோட்டரைத் தூக்கிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கயிற்றை அவிழ்த்துப் படகைத் தள்ளினேன். அதுவும் நகரவில்லை.

“தண்ணி ஏறுது” என்றார் அவர்.

அப்போதுதான் கவனித்தேன். ஆறு செம்மண் நிறமாகியிருந்தது. இடுப்பளவு நின்ற தண்ணீர் அவருடைய விலாவைத் தொட்டது. தண்ணீர் ஏற ஏறப் படகும் ஏறியது. மேலே இருந்த மரம் ஏறவில்லை. படகு உயர்ந்த ஒவ்வொரு விரற்கடைக்கும் தகடு அவர் கையை இன்னும் இறுக்கியது. அவர் உதடு வெளுத்துவிட்டது.

கரையேறிக் கத்தினேன். மழை இப்போது எங்கள் பக்கமும் வந்துவிட்டது. தகரக் கூரையில் விழுந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரோட்டுக்கு ஓடலாம் என்றால், ஆள் கூட்டி வருவதற்குள் தண்ணீர் எங்கே நிற்குமோ? மாதாவே என்று சொல்லிக்கொண்டு, மேலேயிருந்து மோட்டரை நெம்பிப் பார்க்கலாம் என்று படகுக்குள் ஏறிப் பின்பக்கம் போனேன்.

“ஆங், அப்படியே நில்லு!” என்றார். “கொஞ்சம் லேசா இருக்கு.”

என் பாரத்தில் படகின் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்தால் அவர் துடிப்பார். உட்கார்ந்தால் ஆறு ஏறும். என் ஒருத்தியின் பாரம் எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும்? அசையவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல், அவருடைய நெற்றியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வலி மறுபடி ஏறியது. அவர் பல்லைக் கடித்தார்.

படகு தாழ்ந்தால் கை விடுபடும். அதற்கு இன்னும் பாரம் வேண்டும். ஆற்றில் தண்ணீருக்கா பஞ்சம்? எண்ணம் வந்ததும் என் கை பலகையில் கிடந்த சுத்தியலையும் உளியையும் எடுத்துவிட்டது.

“என்ன செய்யப் போற?”

“அடிப்பலகைய ஒடைக்கப் போறேன்.”

“ஐயையோ, வேணாம்! தொரையோட படகு அது. தொடாத, நான் சொல்றேன்ல!”

“உங்க கைங்க அது!”

“சொன்னாக் கேளு புள்ள. தொடாத.”

நான் கேட்கவில்லை. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் உளியை வைத்து அடித்தேன். முதலில் சிராய்தான் பெயர்ந்தது. அவர் திட்டிக்கொண்டும் கெஞ்சிக்கொண்டும் இருந்தார். பிறகு பலகை பிளந்து, கலங்கல் தண்ணீர் பீறிட்டு என் மடியில் அடித்தது. இன்னும் அடித்தேன். படகு கனத்து, என் முழங்கால் வரை நிரம்பி, மெதுவாக இறங்கியது. மோட்டரின் தலை மரத்தை விட்டு நழுவியது. அவர் கையை உருவிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். அவரை அக்குளில் பிடித்துக் கரைக்கு இழுத்தேன். எங்கள் பின்னால் படகு மோட்டரோடு அமுங்கிப்போனது.

கம்பளை ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

சனிக்கிழமை துரை வந்தார். நான் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

“யார் உடைச்சது?”

“நான்தாங்க தொர” என்றார் என் புருஷன்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். “அவர் இல்லீங்க, நான்தான் ஒடைச்சேன். அவர் கைய எடுக்க ஒடைச்சேன்.” துரை என்னைப் பார்க்கவுமில்லை, கட்டுப்போட்ட கையைப் பார்க்கவுமில்லை. நீர் வடிந்த கொட்டகையைத்தான் பார்த்தார். அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அதை ஓட்டிப் போனது வேறொருவன்.

கண்டியில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டில் பாதி அறை கிடைத்தது. நடுவே சாக்குத் திரை, மறுபாதியில் இன்னொரு குடும்பம். பழைய பள்ளிக்கூடத்தில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்கு வேலை கிடைக்கவில்லை. துரையின் கோபம் ஆறும், ஆள் அனுப்புவார் என்று ரொம்ப நாள் நம்பினார். காலையில் சவரம் செய்து, டிரைவர் வேலைக்குப் போட்ட காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் கதிரையில் உட்காருவார். மத்தியானம் கழற்றி மடித்து வைப்பார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அந்தப் பாதி அறையில் இருவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். ஆற்றங்கரை இதைவிடப் பெரிதாக இருந்தது என்று எனக்கே தோன்றிய நாட்கள் உண்டு.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். “அன்னிக்கு ஏங்க தொடாதன்னு சொன்னீங்க? செத்தே போயிருப்பீங்களே.”

விரல் போன கையைத் திருப்பிப் பார்த்தார். “கை போனா ஒரு கையோட இருந்திருப்பேன். படகு போனா நாம எங்க போறதுன்னுதான் அப்ப நெனச்சேன். செத்துப் போவேன்னு நெனப்பே வரல.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. திரைக்கு அப்பால் யாரோ இருமினார்கள். நான் குரலைத் தாழ்த்தி, “எந்திரிச்சு வாங்க, சாப்பிடலாம்” என்றேன்.

அடுத்த மாரியில் அவருக்கு மரம் அறுத்து விற்கும் மரக்காலையொன்றில் வாசல் காவல் கிடைத்தது. காக்கிச் சட்டை அதற்கு உதவியது.