அழகேசன் படிக்காத இருபது பக்கங்கள்

அழகேசன் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் அதில் யார், எந்தப் பக்கத்தில், என்ன சாப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார். எட்டு ஆண்டுகளாக இதைப் பார்த்துவருகிறேன். எட்டு ஆண்டுகளாக எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் நாகம்மா. ஜாலான் புசாரில் ஆணி, திருகு, தாழ்ப்பாள் விற்கும் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை மட்டும் நான் செயலாளர். எங்கள் வாசகர் கூட்டம் சமூக மன்றத்தின் மூன்றாம் மாடியில் நடக்கும். பதினைந்து பேர் வருவோம். மழை பெய்தால் ஒன்பது. ஆண்டுக்கு ஒரு தடவை, ஆளுக்கு மூன்று நிமிடம், தான் ரசித்த ஒரு புத்தகத்தைப் பரிந்துரைக்க வேண்டும். ஆண்டுக் கடைசியில் கை தூக்கி ஓட்டுப்போட்டு, பத்துப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்து, பரிந்துரைத்தவர் பெயரோடு ஒரு தாளில் அச்சடித்து, சிராங்கூன் ரோட்டுப் பூக்கடை, புடவைக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாவற்றிலும் வைத்துவிட்டு வருவோம். பூக்கடைக்காரர் அதில் பூ மடித்துக் கொடுக்கிறார் என்பது வேறு விஷயம்.

எங்களுக்கு விதி ஒன்றே ஒன்று. பரிந்துரைக்கிறவர் ஒரு பக்கம் விடாமல் படித்திருக்க வேண்டும். அதே புத்தகத்தைப் படித்த இன்னொருவர் மூன்று கேள்வி கேட்பார். பதில் வராவிட்டால் புத்தகம் தள்ளுபடி. இந்த விதியைக் கொண்டுவந்தவள் நானேதான். பின்னட்டையை மட்டும் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்கள் எனக்கு அறவே ஆகாது.

அழகேசன் பேருந்து ஓட்டுநர். வயது ஐம்பத்து நான்கு. தோ பாயோவில் வீடு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை வந்தது. அன்றே வீட்டுச் சமையலறை மனைவி சந்திரமதியின் முழு அதிகாரத்துக்குப் போனது. சந்திரமதி குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்பவர். நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் தூங்கவைக்கிறவருக்கு ஒரு புருஷனை அடக்குவது என்ன பெரிய காரியம்? மைசூர்பாகு போனது, பரோட்டா போனது, கோப்பிக் கடையில் டின் பால் ஊற்றிய தேத்தண்ணீர் போனது. வந்தது ஓட்ஸ்.

"நாக்கு செத்துப்போச்சுக்கா," என்று முதல் கூட்டத்திலேயே என்னிடம் சொன்னார். "வாய்வழியாப் போகக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? கண்வழியாப் போகலாம்ல?"

அப்படித்தான் அவர் வாசகர் ஆனார். பேருந்து முனையத்தில் இரண்டு ஓட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து, தட்டில் வேகவைத்த கேரட்டும் மடியில் சமையல் புத்தகமுமாகச் சாப்பிடுவார். முதல் ஆண்டு அவர் பரிந்துரைத்தது ஒரு மீன் சமையல் புத்தகம். "கடைசி அத்தியாயத்துல கருவாட்டுக் குழம்பு வருது. அந்த இடத்துல நான் அழுதுட்டேன்," என்றார். ஒரு பக்கம்கூட விடாமல் படித்திருந்தார், பொருளடக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்தார். நான்தான், சமையல் புத்தகமெல்லாம் ஒரு புத்தகமா என்று எரிந்துவிழுந்தேன். ஓட்டு விழவில்லை.

அடுத்த ஆண்டு, கனமான ஓர் ஓவியப் புத்தகம். அப்துல் அஜீஸ் பாய்க்கு வாயெல்லாம் பல். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். எங்கள் கூட்டத்தில் ஓவியம் என்றால் அவர்தான். அழகேசன் எழுந்து, "அறுபத்தோராம் பக்கத்துல ஒரு மாம்பழம் இருக்கு. இன்னிக்கே சாப்பிட்டுடணும். நாளைக்கு அழுகிடும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாய் அப்புறம் ஒரு வாரம் என்னோடுகூடப் பேசவில்லை.

இப்படியே ஏழு ஆண்டு, ஏழு புத்தகம். ஒன்றும் தேறவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை, கீழிருந்து மேல்வரை ஒரு தடவை பார்ப்பார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஒரு தடவையாவது அதில் தன் பெயர் வர வேண்டும், அதை முனையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்குத் தெரியும், அந்த மனிதருக்கு உண்மையிலேயே வலித்தது.

போன ஆண்டு வேறொரு வம்பு சேர்ந்துகொண்டது. பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. "இனிப்பையெல்லாம் நெனச்சுக்கூடப் பாக்காதீங்க லா," என்று டாக்டர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். சந்திரமதி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். நினைக்கக் கூடாது என்றால் படிக்கவும் கூடாதுதானே? வீட்டுக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் அவர் முதலில் வாங்கிப் புரட்டுவார். விருந்து, பலகாரம், பாயசம் என்று எங்கே வருகிறதோ, அந்தப் பக்கங்களையெல்லாம் சேர்த்துத் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிவிடுவார். கிளிப்பைக் கழற்ற மாட்டேன் என்று அழகேசனைக் கோயிலில் நிறுத்தி, சூடம் அணைத்துச் சத்தியமும் வாங்கிவிட்டார்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. தெரிந்திருந்தால் அவரை அன்று எழுந்து பேசவே விட்டிருக்க மாட்டேன்.

டிசம்பர்க் கூட்டம். அந்த ஆண்டு அழகேசன் முதல்முறையாக ஒரு நாவலோடு வந்தார். முந்நூற்று நாற்பது பக்கக் குடும்ப நாவல். பெயர் வேண்டாம், எழுதியவர் காதுக்குப் போனால் சண்டைக்கு வந்தாலும் வருவார். சந்திரமதியும் வழக்கம்போல வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வாசிக்க அல்ல, காவலுக்கு. கூட்டம் முடிந்ததும் புருஷன் பலகாரக் கடைப்பக்கம் ஒதுங்கிவிடக் கூடாதே!

அழகேசன் பிளாஸ்டிக் பையில் சுற்றிய புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

"இந்த மாதிரி ஒரு பேய்க்கதையை நான் படிச்சதே இல்ல," என்றார்.

கவிப்ரியா தலையை நிமிர்த்தினாள். தொடக்கப்பள்ளி ஆசிரியை, எங்களில் இளையவள், அந்த நாவலைப் படித்த ஒரே ஆளும் அவள்தான்.

"பேய்க்கதையா?"

"ஆமாம்மா. கல்யாணத்தன்னிக்கு நாதஸ்வரம் ஆரம்பிக்குது. மாப்பிள்ளை மணவறையில உக்காந்திருக்கான். அடுத்து பாத்தா, பொண்ணு ஈப்போவுல டீச்சரா இருக்கா. வெள்ளைச் சேலை, கழுத்துல தாலி இல்ல. புரிஞ்சுதா? மாப்பிள்ளை மணவறையிலேயே போய்ச் சேந்துட்டான்! அதை எழுத்தாளர் சொல்லவே இல்ல பாத்தீங்களா, அங்கதான் அவரு நிக்கிறாரு. எரநூத்துப் பத்தாம் பக்கத்துல நல்ல மழை. கதவைத் தட்டுற சத்தம். தொறந்தா, செத்துப்போன மாப்பிள்ளை! குடிக்கத் தண்ணி கேக்குறான். எனக்கு அப்படியே மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு."

பாய் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். எனக்கே கொஞ்சம் உதறல்தான்.

"அங்கிள்," என்றாள் கவிப்ரியா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "மாப்பிள்ளை சாகவே இல்ல லா. He is very much alive. மூணு கேள்வி கேக்கலாமா ஆன்ட்டி?"

"கேளு," என்றேன்.

"ஒண்ணு, கல்யாணம் ஏன் நின்னுச்சு? ரெண்டு, மாப்பிள்ளையோட மாமா யாரு, அவரு என்ன செஞ்சாரு? மூணு, அந்தப் பொண்ணு யார்கிட்டயும் ஒரு வார்த்தைகூட சொல்லாம ஏன் போயிட்டா? மூணாவதுக்கு எனக்கே answer தெரியல. புத்தகத்துல கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல. ஆனா முதல் ரெண்டுக்காவது சொல்லுங்க."

அழகேசன் திருதிருவென்று விழித்தார். "மாமாவா? அப்படி யாரும் வரலையே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பையைப் பிடுங்கினேன். புத்தகம் வெளியே வந்தது, கூடவே நான்கு கிளிப்புகள். இரண்டு ரோஸ், இரண்டு பச்சை. நூற்றுப் பதினான்காம் பக்கம் முதல் நூற்று முப்பத்து மூன்றாம் பக்கம் வரை சேர்த்துக் கவ்விக்கொண்டிருந்தன.

"என்னய்யா இது? புத்தகமா, துணிக்கொடியா?"

அழகேசன் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். சத்தியத்தைச் சொன்னார், ஓட்ஸைச் சொன்னார். "இருவது பக்கமும் கல்யாணச் சாப்பாடுக்கா. சாப்பாட்டுல அப்படி என்ன கதை நடந்துடப்போகுதுன்னு நெனச்சேன். தப்புதான்."

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பிறகு மொத்த அறையும் சிரித்தது. அழகேசன் சிரிக்கவில்லை. கிளிப் மாட்டிய புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி மறுபடி பைக்குள் வைக்கப் பார்த்தார், கிளிப்புகள் பையின் விளிம்பில் சிக்கி அது உள்ளே போகவில்லை. விதி விதிதான் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"அவரு படிக்கல. நான் படிச்சேன்."

கடைசி வரிசையில் சந்திரமதி எழுந்து நின்றிருந்தார். எட்டு ஆண்டில் அந்த அறையில் அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"எனக்குக் கதைப் புத்தகம் படிக்கிற பழக்கமெல்லாம் இல்ல. இவரு கண்ணுல சாப்பாடு படக் கூடாதுன்னா, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு நான் பாத்தாகணும்ல? அந்த இருவது பக்கம் மட்டும் படிச்சேன். நாலு தடவை படிச்சேன்."

"நாலு தடவையா?" என்றார் அழகேசன்.

"நீங்க பேசாம இருங்க." சந்திரமதி கவிப்ரியாவைப் பார்த்துத் திரும்பினார். "மாப்பிள்ளையோட தாய்மாமன் ஒருத்தன். தன்னை முதப் பந்தியில உக்கார வைக்கலன்னு ரகளை பண்றான். முகூர்த்த நேரம் போய்க்கிட்டு இருக்கு. அவனைச் சமாதானம் பண்றேன்னு மாப்பிள்ளையே மணவறையிலேர்ந்து எழுந்து போறான். போனவன் மாமன் பக்கத்துல உக்காந்து சாப்பிடவும் ஆரம்பிச்சுட்டான்! அவியல், வத்தக்குழம்பு, ரெண்டு பாயசம். பொண்ணு ஓமப் புகையில தனியா உக்காந்திருக்கா. ஏம்மா, நீ முழுப் புத்தகமும் படிச்சியே, ஒண்ணு கவனிச்சியா? அவ முத நாள் மத்தியானத்துலேர்ந்து பட்டினி. முந்நூறு பேரு சாப்பிடுறாங்க. அவளைப் பாத்து நீ சாப்பிட்டியான்னு அந்த இருவது பக்கத்துல ஒரு ஆள் கேக்கல."

சிரித்தவர்களெல்லாம் சந்திரமதி பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"எனக்கு அது நல்லாத் தெரியும். பசியில இருக்கிற ஆளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நாம சாப்பிட்டா தொண்டையில இறங்காது. ஒம்பது வருஷமா நானும் ஓட்ஸ்தான் சாப்பிடுறேன்."

அழகேசன் திரும்பி மனைவியைப் பார்த்தார். அது அவருக்கே தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நீ சமையல் முடிச்சிட்டு அங்கேயே சாப்பிட்டுட்டேன்னுல சொல்லுவ?"

"சொல்லுவேன். அப்புறம் அந்தப் பொண்ணு எழுந்து வந்து, மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்து, எனக்கும் ஒரு இலை போடுங்கன்னா. பாயசம் வரைக்கும் நிதானமா சாப்பிட்டா. கையைக் கழுவிட்டுப் போயிட்டா."

"அதான் ஆன்ட்டி," என்றாள் கவிப்ரியா. "ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாளே, ஏன்?"

"சொல்லாம எங்க போனா? எலையை எந்தப் பக்கம் மடிச்சா?"

கவிப்ரியா கிளிப்பைக் கழற்றி, நூற்று முப்பத்து மூன்றாம் பக்கத்தைத் தேடி, சத்தமாகப் படித்தாள். "'இலையைத் தனக்கு எதிர்ப்பக்கமாக மடித்தாள்.'"

"கல்யாண வீட்டுல யாராவது அப்படி மடிப்பாங்களா? நம்ம பக்கமால்ல மடிப்போம், உறவு நீடிக்கணும்னு. அந்தப் பக்கமா மடிச்சா இழவு வீடு. இந்த ஒறவு செத்துப்போச்சுன்னு முந்நூறு பேருக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் போயிருக்கா. இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

கவிப்ரியா கையிலிருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இதை ரெண்டு தடவை படிச்சேன்," என்றாள் மெதுவாக.

நான் இருபது ஆண்டுகளாகப் புத்தகம் படிக்கிறவள். அந்த நாவலைப் படித்திருந்தால் நானும் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பேன். சமையல் புத்தகமெல்லாம் ஒரு புத்தகமா என்று கேட்ட என் வாயில் யாராவது ஒரு கிளிப் மாட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

"விதிப்படி ஒரு பக்கம்கூட விட்டிருக்கக் கூடாது," என்றேன். "இப்ப எந்தப் பக்கம் விட்டுப்போச்சு?"

"எதுவும் விட்டுப்போகல," என்றார் பாய். "குடும்பமாப் படிச்சிருக்காங்க."

பதினைந்து கைகள் தூக்கப்பட்டன. பதினைந்தாவது கை அழகேசனுடையது. உங்கள் புத்தகத்துக்கு நீங்களே ஓட்டுப் போடக் கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தாளில் நான் இப்படித்தான் அச்சடிக்கக் கொடுத்தேன்: பரிந்துரை: அழகேசன் (பக்கம் 1–113, 134–340), சந்திரமதி (பக்கம் 114–133).

அறையைப் பூட்டிவிட்டு நான் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது இருவரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்காதவள்போல் நின்றேன்.

"ஏங்க," என்றார் சந்திரமதி. "அந்தப் பொண்ணு அப்புறம் என்னதான் ஆனா?"

"எந்தப் பொண்ணு?"

"நடிக்காதீங்க. மூணு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. அந்த நேரத்துல தனியா எங்க போனா? நல்லா இருக்காளா, இல்லியா?"

அழகேசன் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். எட்டு ஆண்டில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"சொல்றேன். ஒரு கிளிப்பைக் கழட்டினா ஒரு அத்தியாயம்."

"சர்க்கரை ஏறிடும்."

"அப்ப அவ நல்லா இருக்காளா இல்லியான்னு எனக்கு மறந்துபோச்சு."

சந்திரமதி எங்கள் பேருந்து வரும் திசையைப் பார்த்தார். நான்கு கிளிப்பையும் மறுபடி மாட்டி மடியில் வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்தார். பிறகு பச்சைக் கிளிப் ஒன்றில் விரலை வைத்தார்.

"சரி. ரசம் வர்ற பக்கம் மட்டும்."