கடைசி ஓட்டில் பூசிய திருநீறு

கிரின்ஸ்டெட் என்ற ஊருக்கு வெளியே ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். விண்வெளிக்குப் போய், விமானம் போல ஓடுபாதையில் வந்திறங்கி, மறுபடியும் போகக்கூடிய ஊர்திக்கு வெப்பம் தாங்கும் ஓடு செய்வதுதான் எங்கள் வேலை. திரும்பி வரும்போது ஊர்தி எரியக் கூடாது, அதுவும் ஒவ்வொரு முறையும். அதனால் ஓடு உலையில் இருபது தடவை சூடேறி இருபது தடவை ஆற வேண்டும். எங்களுடையவை ஏழிலோ எட்டிலோ வெடித்துவிடும். ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதுவும் வெடித்தால் எல்லாவற்றையும் மூடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

அந்த ஓட்டுக்கு உப்பு ஆகாது. வியர்வைக் கை பட்டாலே அந்த இடம் சூட்டில் சுருங்கிப் பிளந்துவிடும். கையுறை போடாமல் தொட்டவர்களை நான் ஏசாத ஏச்சில்லை.

கடைசிச் சோதனையன்று காலை மனைவி என் சட்டைப் பையில் ஒரு கடதாசிப் பொட்டலத்தை வைத்தாள்.

“தொடங்க முதல் திருநீறு பூசுங்கோ. கார் எடுத்தாலும் பூசுறம், இதுக்குப் பூசக் கூடாதோ?”

நான் சாமி கும்பிடுகிறவன் அல்ல. ஆனால் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்துத் தோற்றிருந்தேன். ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, கையுறையைக் கழற்றி, ஓட்டின் ஓரத்தில் மூன்று விரலால் பூசினேன். சூட்டில் எரிந்துவிடும் என்று நினைத்தேன். எரிந்து முடிந்த சாம்பல் இனி எப்படி எரியும், அதிலுள்ள உப்புத்தான் எங்கே போகும்? அந்த மடத்தனத்துக்கு என்னை நானே அறையலாம்.

பதினெட்டுத் தடவை தாங்கியது. எந்த ஓடும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. பத்தொன்பதாவதில் பிளந்தது, சரியாக அந்த மூன்று கோட்டில்.

மேலாளர் உருப்பெருக்கியில் நெடுநேரம் பார்த்தார். உப்புப் பட்டிருக்கிறதே, யாராவது தொட்டிருப்பார்களா என்று என்னிடம்தான் கேட்டார். என்மேல் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஓட்டில் பிழையில்லை, பிழை என்னுடையது என்று சொல்லியிருந்தால் இன்னொன்று செய்ய விட்டிருப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. தெரியாது என்றேன். அந்த மாதமே மூடினார்கள். எங்கள் ஆறு பேருக்கும் வேலை போனது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

“திருநீறு பூசினனீங்களோ?”

உண்மையைச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள்.

“இல்லை, மறந்து போனன்.”

“அதுதான் வெடிச்சது.”

இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதையே சொல்கிறாள். நானும் பக்கத்தில் இருந்து ஓம் என்று தலையாட்டுகிறேன்.