ஆஆஆ அவர்களே, வாருங்கள்

குடிநீர் வாரியப் புகார் அலுவலகத்தில் அன்றைக்குக் கிளம்பிய வதந்தி தண்ணீரைப் பற்றியதல்ல. தண்ணீரைப் பற்றி அங்கே யாரும் சும்மா பேசுவதில்லை. அதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்களே. மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸ் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டே, மீட்டர்தான் அதைக் கொளுத்திப் போட்டார்.

"அக்கா, விஷயம் தெரியுமா? நம்ம 'நிழல்கோட்டை' விளையாட்டுக்கு எக்ஸ்பான்ஷன் வந்திருக்கு. 'மறுகரை'ன்னு பேரு. இந்தத் தடவை எல்லாரும் தமிழ்ல பேசுறாங்க. அந்தப் படகுக்காரி இருக்காள்ல, அவ திரும்பி வர்றா. பழைய ஆட்டத்துல அவளைக் காப்பாத்தினவங்களை 'நீ'ங்கிறாளாம். கைவிட்டவங்களை 'நீங்க'ங்கிறாளாம்."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னா?"

"என் மச்சான்."

மீட்டர் என்பது அவருடைய பெயரல்ல. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதி வருகிறவர். வெயிலில் அலைந்த களைப்பைப் பேயையும் பூதத்தையும் வெட்டித் தீர்த்துக்கொள்கிறவர். அக்காவுக்கும் அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. 'வருந்துகிறோம் அக்கா.' தொலைபேசியில் புகார் வாங்கும் இருக்கை அவளுடையது. தண்ணீர் வராதவர், வந்த தண்ணீர் நிற்காதவர், நின்ற தண்ணீரில் புழு நெளிகிறது என்பவர், யார் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டோம்." சொல்லிச் சொல்லி நாக்கில் தடம் விழுந்துவிட்டது. ஒருமுறை பேருந்தில் எவனோ அவள் காலை மிதித்தபோது, வலியில் கத்தவேண்டியவள், "வருந்துகிறோம்" என்றாள்.

மீட்டர் சொன்னதைக் கேட்டதும் அக்கா பாதிச் சாப்பாட்டிலேயே டிபன் பாக்ஸை மூடிவிட்டாள். காரணம் இருக்கிறது.

'நிழல்கோட்டை' தெரியாதவர்களுக்கு: டிவியில் ஆடும் வீடியோ விளையாட்டு அது. ஒரு ராஜ்யம், ஒரு சாபம், வாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய ஒரு வீராங்கனை. அந்த வீராங்கனை நாம்தான். எக்ஸ்பான்ஷன் என்றால், கட்டி முடித்த கதைக்கு மேலே ஒரு மாடி எழுப்புவது. அக்காவும் அவள் தங்கையும் விடுமுறைக்கு விடுமுறை உட்கார்ந்து இதை ஆடினார்கள். அக்காவின் முழங்கால் படியேறும்போது சத்தம் போடும். அவளுடைய வீராங்கனையோ வெள்ளிக் கூந்தல் பறக்கக் கோட்டைச் சுவரேறிக் குதிப்பாள். திரையில் பெயர் கேட்கும் பெட்டி வந்தபோது தங்கை சாய்ந்து உட்கார்ந்ததில் முழங்கை விசைப்பலகைமேல் பட்டது. பெயர் பதிவாகிவிட்டது: ஆஆஆ. மாற்ற வழியில்லை. அன்றிலிருந்து ராஜ்யத்தைக் காப்பாற்றப் பிறந்தவள் பெயர் பல்வலிக்காரி முனகல் மாதிரி இருக்கிறது.

தங்கைக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. எலும்புவரை பார்த்துப் பழகிய கண். அவளுக்கு அந்த விளையாட்டில் ராஜா பிடிக்காது, மந்திரவாதி பிடிக்காது. படகுக்காரி ஒருத்தியைத்தான் பிடிக்கும். கதை முடியப்போகிற சமயம் பார்த்துத் தங்கையை வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

"நான் வர்ற வரைக்கும் கடைசி வாசலைத் திறக்காதேக்கா. சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

சத்தியம் கொஞ்ச நாள் தாங்கியது. அந்தக் கொஞ்ச நாளில் பெரும்பகுதி டிவி ரிப்பேரில் இருந்தது. டிவி வந்த அன்று, சும்மா எட்டிப் பார்க்கலாமே என்று உட்கார்ந்த அக்கா, கடைசி வாசலைத் திறந்துவிட்டாள். அங்கே படகுக்காரி ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டு ஏதோ சொல்கிறாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை அக்காவுக்குத் தெரியாது. யாராவது பேச ஆரம்பித்தால் தாண்டிப்போகும் பொத்தானைக் கட்டைவிரல் தானாக அமுக்கிவிடும். புகார் கேட்கிறவளின் வியாதி அது. திரையில் இரண்டே வழி மிஞ்சியது: கயிற்றை இழு, அல்லது தங்கத் தலைக்கவசத்தை எடு. அக்கா தலைக்கவசத்தை எடுத்தாள். மினுமினுவென்று இருந்தது.

தங்கை வெளியூரிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குத்தான் வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் திரையைப் பார்த்தாள். தலைக்கவசத்தோடு ஆஆஆ நின்றுகொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லா ஆடியிருக்கீங்க" என்றாள் தங்கை.

அன்று வந்த 'ங்க' இன்னும் போகவில்லை. பிறந்ததிலிருந்து 'நீ, வா, போ' என்று கூப்பிட்டவள் இப்போது போனில் "சாப்பிட்டீங்களா? உடம்பைப் பார்த்துக்கோங்க" என்கிறாள். அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "இப்பத்தான்டி சின்னவளுக்கு மூத்தவகிட்ட எப்படிப் பேசணும்னு தெரிஞ்சிருக்கு." அக்காவுக்கு அந்த 'ங்க' ஒவ்வொன்றும் கதவைச் சாத்தும் சத்தமாகக் கேட்டது. தங்கை வாயிலிருந்து பழைய 'நீ' திரும்பி வரவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

படகுக்காரியை 'நீ'க்குத் திருப்ப வழி இருந்தால் தங்கையையும் திருப்பலாம் என்று மனம் கணக்குப் போட்டது. ஆக, வதந்தி உண்மையா என்று பார்த்தே ஆகவேண்டும். அன்று சாயங்காலமே 'மறுகரை'யை இறக்கினாள்.

"மறுபடியுமா?" என்றார் வீட்டுக்காரர், செய்தியிலிருந்து தலையைத் திருப்பாமல்.

"ஒரு விஷயத்தை உறுதிப்படுத்தணும்."

"அதுக்கு எதுக்கு ஹால் டிவி?"

முதல் பார்வைக்கு 'மறுகரை' அழகோ அழகு. கோட்டை கிடையாது, சாலை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்பு நிலம், நாணல், பனிமூட்டம், நீருக்கு அடியில் எங்கேயோ மணி அடிக்கும் சத்தம். நாள் முழுக்கத் தண்ணீர் வரவில்லை என்ற புகாரைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், திரை முழுக்கத் தண்ணீர். யாரிடம் புகார் செய்வது என்றுதான் தெரியவில்லை. பழைய ஆட்டத்தில் அரும்பாடுபட்டுச் சம்பாதித்த கறுப்புக் குதிரை சேற்றைக் கண்டதும் பிடிவாதமாக நின்றுவிட்டது. ஈரத்தில் வாள் துருப்பிடிக்கிறது. அதையும் எவனோ மெனக்கெட்டு யோசித்திருக்கிறான். அனுபவசாலி என்ற மிதப்பில் 'மிகக் கடினம்' என்பதைத் தேர்ந்தெடுத்த அக்காவை வாசலிலேயே ஒரு தவளை கொன்றது. பூதமல்ல, நாகமல்ல, தவளை. இரண்டாம் முறையும் அதே தவளை. மூன்றாம் முறை அது கொஞ்சம் சலித்துக்கொண்ட மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்து போன சமயம் பார்த்து, அக்கா சத்தமில்லாமல் 'எளிது: கதையை ரசிப்பவர்களுக்கு' என்பதற்கு மாறிக்கொண்டாள். நமக்குக் கதைதானே முக்கியம்.

தமிழ்தான் புது அனுபவம். முன்பு எல்லோரும் ஆங்கிலம் பேசினார்கள். அதில் ராஜாவுக்கும் 'யூ', ராஜாவின் கழுதைக்கும் 'யூ'. யார் நம்மை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் நிம்மதியாக இருந்தோம். இப்போது காவலாளிகள் செய்தி வாசிக்கிற தமிழில் பேசுகிறார்கள். பேய்கள் மேடைத் தமிழில் முழங்குகின்றன. ஆனால் படகுக்காரிக்கு வசனம் எழுதிய ஆள் மட்டும் வேறே. அந்த ஆளுக்கும் எங்கேயோ ஒரு தங்கை இருக்கவேண்டும்.

நாணலை விலக்கிக்கொண்டு படகு வந்தது. படகுக்காரி துடுப்பை நிறுத்தி, தலையைத் தாழ்த்தி, புன்னகை செய்தாள்.

"ஆஆஆ அவர்களே, வாருங்கள். பயணம் சௌகரியமாக இருந்ததா? உட்காருங்கள். இது உங்கள் படகு மாதிரி."

வதந்தி உண்மை. அக்காவுக்குக் காது சுட்டது. அதே குரல், "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்கிற குரல்.

பதில் சொல்ல மூன்று வழி காட்டினார்கள். 'பழையதை மறந்துவிடு.' 'ஏற்பட்ட இழப்புக்கு வருந்துகிறேன்.' 'பேசாமல் இரு.' இதில் எதை எடுப்பது என்று அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. அவளுடைய சொந்த வாக்கியத்தையே யாரோ நடுவில் எழுதி வைத்திருக்கிறார்கள்! சந்தோஷமாக அதை அமுக்கினாள்.

படகுக்காரி இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "தாங்கள் இவ்வளவு தூரம் மனம் வருந்தலாகாது."

தாங்கள்! 'நீ'யைத் தேடிப் போனவள் ஒரு படி மேலே ஏற்றி உட்கார வைக்கப்பட்டாள். இன்னொரு முறை வருந்தினால் பல்லக்கு வரும்போல இருந்தது. டிவியை அணைத்துவிட்டாள்.

மறுநாள் மீட்டர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "என்னை என்ன சொன்னா தெரியுமாக்கா? 'வாடா தடியா, இவ்வளவு நாள் எங்கே தொலைஞ்சு போனே?' மனசு அப்படியே நிறைஞ்சு போச்சு. உங்களை?"

"கேக்காதீங்க."

"நீங்கன்னுதானே சொன்னா?"

"அதைவிட மேலே."

"நீங்கவை விட மேலே என்னக்கா இருக்கு?" என்று மீட்டர் யோசித்துக்கொண்டே போனார்.

அதற்குள் போன் அடித்தது. வழக்கமாகக் கூப்பிடும் மாடிவீட்டுப் பெரியவர். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று அக்கா சொல்லி முடித்தாள். பெரியவர் கோபப்படவில்லை. "நீங்க ரொம்ப மரியாதையாத்தாம்மா பேசுறீங்க. தண்ணிதான் வரலை" என்றார்.

அக்கா போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையிடமும் அன்று அவள் மன்னிப்புக் கேட்டாள்தான். என்ன சொல்லிக் கேட்டாள் என்று இப்போது ஞாபகம் வந்தது. "ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப வருத்தமா இருக்குடி." அடிப்பாவி. கூடப் பிறந்தவளிடம் புகார் எண் மட்டும்தான் கொடுக்கவில்லை.

பெரியவர் வீட்டுப் புகாரை இந்த முறை குறித்துக்கொள்வதோடு விடாமல், வால்வு திறக்கிறவரையே போனில் கூப்பிட்டு, நேரில் போய்ப் பார்க்கச் சொன்னாள். அவர் பயந்துபோய், "மேலதிகாரி யாராவது வர்றாங்களாக்கா?" என்று கேட்டார்.

பிறகு வராந்தாவுக்குப் போய்த் தங்கைக்குப் போன் செய்தாள்.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்லடி. மறுகரை வந்திருக்கு. படகுக்காரிகிட்டப் போனேன். என்னைத் 'தாங்கள்'ங்கிறா."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் மூச்சு மாதிரி ஒன்று கேட்டது, உறுதியாகச் சொல்வதற்கில்லை.

"என்ன சொன்னீங்க அவகிட்ட?"

"வருந்துகிறேன்னு சொன்னேன்."

"அது தெரிஞ்சதுதானே. தலையில என்ன போட்டிருந்தீங்க?"

"தலையிலயா? அந்தத் தங்கக் கவசம்தான். அது இருந்தாத்தான் தவளை..."

"அக்கா! நீ அந்தக் கவசத்தை மாட்டிக்கிட்டேவா போய் அவகிட்ட மன்னிப்புக் கேட்ட? அறிவிருக்கா உனக்கு?"

வந்துவிட்டது. 'நீ' வந்துவிட்டது, கூடவே 'உனக்கு'ம். திட்டுதான், ஆனால் தேன்.

தங்கைக்கும் புரிந்துவிட்டது போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்களுக்கு" என்று திருத்தினாள். "ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. சத்தியமெல்லாம் வேணாம். ரிமோட்டை மாமாகிட்டக் குடுத்துடுங்க."

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். வீட்டுக்காரர் ரிமோட்டையும் விளையாட்டுக் கைப்பிடிகளையும் ஒப்படைத்துவிட்டு, "நான் ஒண்ணும் பார்க்கலைம்மா" என்று நகர்ந்தார். நல்ல கைப்பிடியைத் தங்கை எடுத்துக்கொண்டாள். இடதுபக்கம் திருப்பினால் வலதுபக்கம் போகும் பழையது அக்காவுக்கு வந்தது. எதிர்த்துப் பேசும் நிலையில் அவள் இல்லை. ஆஆஆவின் தலைக்கவசத்தைக் கழற்றிச் சேற்றில் போட்டார்கள். போட்ட உடனே தவளை வந்தது. தங்கை அதை ஒரே வெட்டில் முடித்தாள்.

படகு வந்தது. 'பேசாமல் இரு' என்பதை அமுக்கினார்கள். படகுக்காரி துடுப்பைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். கயிறு எவ்வளவு வழுக்கியது, தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருந்தது, வாசல் மூடும்போது எந்தப் பக்கம் திரும்பி யாரைத் தேடினாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். அக்காவின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் தாண்டும் பொத்தானை நோக்கி ஊர்ந்தது. தங்கை தன் உள்ளங்கையை அந்த விரல்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். எடுக்கவேயில்லை.

"கூப்பிட்டேனே," என்று முடித்தாள் படகுக்காரி. "கூப்பிட்டது கேக்கலையா உனக்கு?"

இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"உனக்குன்னுட்டா" என்றாள் அக்கா.

"ம்."

"அப்ப நீ?"

"நான் படகுக்காரி இல்லைங்க. எனக்கு ஒரு கடைசி வாசல் பாக்கி இருக்கு. அது வந்தப்புறம் பார்க்கலாம்."

பழைய ஆட்டத்தில் அந்த வாசலுக்குத் திரும்பிப் போக வழியில்லை. தலைக்கவசத்தை எடுத்த ஆட்டத்தையே அக்கா பழைய பதிவின்மேல் சேமித்துவிட்டாள். வேண்டுமானால் முதலிலிருந்து ஆடவேண்டும். ராஜ்யம், சாபம், கறுப்புக் குதிரை எல்லாம் மறுபடி. 'மறுகரை'யை அப்படியே நிறுத்திவிட்டு, தங்கை பழைய 'நிழல்கோட்டை'யில் புது ஆட்டத்தைத் திறந்தாள். பெயர் கேட்கும் பெட்டி வந்தது. இந்த முறை நல்ல பெயராக வைக்கலாம் என்று அக்கா வாய் திறப்பதற்குள், தங்கை முழங்கையைத் தூக்கி விசைப்பலகைமேல் நிதானமாக ஊன்றினாள்.

அது நடந்து பல விடுமுறைகள் ஆகிவிட்டன. இன்னும் முதல் கிராமத்தைத் தாண்டவில்லை. அக்காவின் கைப்பிடி இடதுக்கு வலது போவதால் வீராங்கனை அடிக்கடி கிணற்றில் விழுகிறாள். அப்படி விழும்போது மட்டும், "கண்ணு எங்கேடி வச்சிருக்கே நீ?" என்று கேட்கிறாள் தங்கை. மேலே ஏறி வந்ததும் மறுபடி 'நீங்க'தான். கிணறு எங்கே இருக்கிறது என்று அக்காவுக்கு இப்போது நன்றாகத் தெரியும். இருந்தும் விழுகிறாள்.

வாசல் பாக்கி அப்படியே இருக்கிறது.